‘கிரீஸ் 2’ உண்மையிலேயே அவ்வளவு மோசமான படமா?

கேள்வி இதுதான்: 1982 இல் வந்த ‘கிரீஸ் 2’ என்ற அமெரிக்கப் பள்ளிக்கூடக் காமெடி, “எடுத்திருக்கவே கூடாத இரண்டாம் பாகங்கள்” என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் வந்துவிடுகிறது. அந்தக் கெட்ட பெயர் அதற்குத் தகுமா?

பாதி தகும். எந்தப் பாதி என்பதில்தான் எனக்குப் பலரோடு ஒத்துப்போவதில்லை. முதல் பாகத்தின் ஜோடியான ஜான் ட்ரவோல்டா இல்லை, ஒலிவியா நியூட்டன்-ஜான் இல்லை, பழைய பாட்டுகள் இல்லை, ஆகவே படம் மோசம் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. படத்தின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அருமையான ஒரு கதாநாயகியை உருவாக்கிவிட்டு, அவளுக்கு ஈடாக நிற்க ஓர் ஆளை எழுதாமல் விட்டுவிட்டார்கள். எல்லாரும் முதல் பாகத்தையே நினைத்துக்கொண்டு திட்டியதில், அந்தக் கதாநாயகியின் அருமையும் கண்ணில் படவில்லை, எழுத்தில் இருந்த ஓட்டையும் படவில்லை.

முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஜிம் ஜேக்கப்ஸ், வாரன் கேஸி என்ற இருவர் எழுதிய ‘கிரீஸ்’ 1971 இல் சிகாகோவில் ஒரு சிறிய அரங்கில் மேடையேறிய இசை நாடகம். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போய், 1980 வரை 3,388 காட்சிகள் ஓடியது. 1978 இல் ராண்டல் கிளைசர் அதைப் படமாக்கினார். 1950களின் கடைசியில், ரைடல் என்ற கற்பனைப் பள்ளியில் நடக்கும் கதை. தோல் ஜாக்கெட் போட்ட ‘டி-பேர்ட்ஸ்’ பையன்கள் ஒரு பக்கம், இளஞ்சிவப்பு ஜாக்கெட் போட்ட ‘பிங்க் லேடீஸ்’ பெண்கள் ஒரு பக்கம். நடுவில் டேனி என்ற ரவுடித்தனமான பையனும் சாண்டி என்ற அடக்கமான பெண்ணும் காதலிக்கிறார்கள். சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்த அந்தப் படம்தான் அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் வசூலித்தது.

இப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் ராபர்ட் ஸ்டிக்வுட்டும் ஆலன் காரும் சும்மா இருப்பார்களா? இரண்டாம் பாகத்தோடு நிற்காமல், தொடர்ந்து பல பாகங்கள் எடுக்கும் யோசனையே இருந்தது. இயக்கும் பொறுப்பு பாட்ரிசியா பிர்ச்சிடம் வந்தது. அவர் நவீன நடன மேதை மார்த்தா கிரஹாமின் குழுவில் ஆடியவர். பிராட்வே நாடகத்துக்கும் 1978 படத்துக்கும் நடனம் அமைத்தவர் அவர்தான். அந்த உலகம் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் அவர் தயங்கினார். ஜேக்கப்ஸும் கேஸியும் இதில் இல்லை. கையில் இருந்த திரைக்கதையும் முடிந்திருக்கவில்லை. எழுதியவர் கென் ஃபிங்கிள்மன். அதே 1982 இல் ‘ஏர்பிளேன் 2’ என்ற இன்னொரு இரண்டாம் பாகத்தையும் எழுதி இயக்கியவர் அவர். முடியாத கதை, முதல்முறையாகப் படம் இயக்கும் ஒரு தேர்ந்த நடனக் கலைஞர் என்ற இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், எது ஏன் நன்றாக இருக்கிறது, எது ஏன் சொதப்புகிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். கால்கள் ஆடும் இடத்தில் எல்லாம் படம் துள்ளுகிறது. ஆட்டம் நின்று ஆட்கள் பேசத் தொடங்கினால் தள்ளாடுகிறது.

வசூல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் கெட்ட பெயரில் பெரும் பங்கு அங்கிருந்து வந்ததுதான். படம் வெளியான நாள் 1982 ஜூன் 11. அதே நாளில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’யும் வந்தது. முதல் வார இறுதியில் அது சுமார் 1 கோடியே 18 லட்சம் டாலர் எடுத்தது. ‘கிரீஸ் 2’ எடுத்தது சுமார் 47 லட்சம். கடைசியில் அமெரிக்காவில் மொத்தம் 1 கோடியே 50 லட்சம் டாலர் அளவில் வசூல் நின்றது. செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம். வசூலில் தியேட்டர்காரர்கள் பங்கைக் கழித்து, விளம்பரச் செலவையும் சேர்த்தால் நஷ்டம்தான். மற்ற பாகங்களின் பேச்சும் அதோடு அடங்கிப்போனது.

காலமும் அதற்குச் சாதகமாக இல்லை. டிஸ்கோ அலை ஓய்ந்து, பளபளப்பான இசைப் படம் என்றாலே ஆட்கள் முகம் சுளித்த நேரம் அது. ஆலன் கார் 1980 இல் தயாரித்த ‘கான்ட் ஸ்டாப் த மியூசிக்’ படம் படுதோல்வி. மோசமான படங்களுக்கென்று தொடங்கிய ராஸி விருதை முதன்முதலில் வாங்கியதே அதுதான். டீன் ஏஜ் காமெடியும் வேறு பாதைக்குப் போயிருந்தது. 1982 மார்ச்சில் அமெரிக்காவெங்கும் வந்த ‘போர்க்கீஸ்’ பச்சையான நகைச்சுவையால் வசூலை அள்ளியது. ஆகஸ்டில் ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை’ வந்து, பள்ளிப் பிள்ளைகளின் வாழ்க்கையைக் கிட்டத்தட்ட உள்ளபடியே காட்டியது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆடிப் பாடும் 1961 பள்ளிக்கூடம் எடுபடவில்லை. அதே ஆண்டு ஜூன் 25 அன்று வந்த ‘பிளேட் ரன்னர்’, ‘த திங்’ இரண்டும் அப்போது அடிவாங்கிய படங்கள்தான். இன்று அவற்றைக் கொண்டாடாதவர்கள் குறைவு. ‘கிரீஸ் 2’ அவற்றுக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோடையின் வசூல் கணக்கைக் காட்டி ஒரு படத்தின் தரத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம்.

1961 இலையுதிர்காலம். முதல் படத்துச் சாண்டியின் உறவுக்காரன் மைக்கேல் கேரிங்டன் இங்கிலாந்திலிருந்து ரைடல் பள்ளிக்கு வருகிறான். படிப்பாளி, மரியாதைக்காரன். பிங்க் லேடீஸ் தலைவி ஸ்டெஃபனியைப் பார்த்தவுடனே மனதைப் பறிகொடுக்கிறான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: பிங்க் லேடீ ஒருத்தி டி-பேர்டு ஒருவனோடுதான் சேர வேண்டும். ஸ்டெஃபனி டி-பேர்ட்ஸ் தலைவன் ஜானியை விட்டு விலகிவிட்டாள், சட்டமும் அவளுக்குச் சலித்துவிட்டது. தனக்குப் பிடித்த ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று மைக்கேலிடம் பாட்டாகவே சொல்கிறாள்: பைக் ஓட்டத் தெரிந்தவன், யாருக்கும் அடங்காதவன். மைக்கேல் என்ன செய்கிறான்? டி-பேர்ட்ஸ் பையன்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதிக் கொடுக்கிறான். அந்தக் காசில் பழைய பைக் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, தனியாக ஓட்டிப் பழகுகிறான். பிறகு ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, யாரென்றே தெரியாத வீரனாக அவள் முன்னால் வந்து நிற்கிறான்.

இதை முதல் படத்தின் முடிவோடு வைத்துப் பாருங்கள். அங்கே மாறுகிறவள் சாண்டி. அடக்கமான பெண் தலைமுடியைச் சுருட்டி, கறுப்புத் தோலுடை போட்டு, வாயில் சிகரெட்டோடு வந்து நின்றால்தான் டேனியோடு சேர முடிகிறது. டேனியும் ஒரு விளையாட்டு வீரனின் ஸ்வெட்டரைப் போட்டு மாறப் பார்க்கிறான்தான், ஆனால் அவளைப் பார்த்த நிமிடமே அதைக் கழற்றி எறிந்துவிடுகிறான். காதலுக்காகத் தன்னையே மாற்றிக்கொள்கிறவள் பெண். இந்த முடிவு எவ்வளவு உறுத்தலானது என்று இத்தனை ஆண்டுகளாக எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். இரண்டாம் பாகம் அதை அப்படியே திருப்பிப் போடுகிறது. எது வேண்டும் என்று சொல்கிறவள் பெண். அதற்காகக் கஷ்டப்பட்டு மாறுகிறவன் ஆண். ஸ்டெஃபனி தன் பேச்சையோ நடையையோ உடையையோ யாருக்காகவும் மாற்றிக்கொள்வதில்லை. கடைசிக் காட்சி வரைக்கும் அவள் அவளாகவே இருக்கிறாள். 1982 இல் ஒரு பெரிய ஸ்டுடியோவின் பள்ளிக்கூடக் காமெடியில் இது சாதாரண விஷயம் இல்லை. அந்த ஆண்டின் மற்ற டீன் ஏஜ் படங்களில் பெண்களுக்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்று ‘போர்க்கீஸ்’ படத்தில் பத்து நிமிடம் பார்த்தாலே போதும்.

அந்தப் பாத்திரத்தை நடித்தவர் மிஷெல் ஃபைஃபர். அப்போது அவருக்கு 23 வயது, இது முதல் பெரிய வேடம். ஆட்டத்திலும் பாட்டிலும் பழகியவர் இல்லை. அதுதான் நல்லதாகப் போனது என்று நினைக்கிறேன். பிராட்வே பாணியில் பல் தெரியச் சிரித்துக்கொண்டே ஆடும் கூட்டத்தின் நடுவில், இவர் மட்டும் சூயிங்கம்மை மென்றுகொண்டு, தோளைச் சாய்த்து, ‘இதெல்லாம் எதற்கு’ என்பதுபோல நிற்கிறார். பாத்திரத்துக்குத் தேவையானதும் அந்தச் சலிப்புதான். பௌலிங், அதாவது பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம், விளையாடும் இடத்தில் ஜானியோடு சண்டை வந்து, அடுத்து இந்தக் கதவைத் திறந்து உள்ளே வருகிறவனுக்கு முத்தம் கொடுப்பேன் என்று சொல்லிவிடுகிறாள். உள்ளே வருகிறவன் மைக்கேல். சொன்னபடியே செய்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பிப் போகிறாள். சும்மா விளையாட்டுக் காட்சிதான். ஆனாலும் யாருடைய பெண்ணாகவும் இருந்து இருந்து அலுத்துப்போன ஒருத்தியின் வீம்பு அதில் முழுசாக இருக்கிறது. பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் காட்சிகளிலும் அப்படித்தான். வசனம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பெண் இந்த ஊரிலேயே கிடந்துவிடக் கூடாது என்ற கவலை நமக்கு வந்துவிடுகிறது.

இப்போது பாட்டு. பாட்டுகள் மட்டம் என்கிற குற்றச்சாட்டுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. தொடக்கப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும் நாள். பேருந்திலிருந்தும் பைக்கிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் இறங்குகிறார்கள், பாடுவது ‘ஃபோர் டாப்ஸ்’ குழு. கலிஃபோர்னியாவின் நார்வாக்கில் இருந்த ஒரு பள்ளியின் முற்றம் முழுவதையும் பிர்ச் ஆடுகளமாக்கிவிடுகிறார். ஒவ்வொரு பாத்திரமும் ஆடிக்கொண்டே அறிமுகமாகிறது; யார் யாரோடு சேர்ந்தவர், யார் யாரை வெறுக்கிறார் என்பது ஒரு வரி வசனம் இல்லாமல் தெரிந்துவிடுகிறது. முதல் படத்தில் இவ்வளவு பெரிய தொடக்கம் கிடையாது, அங்கே ஒரு கார்ட்டூன் தலைப்புப் பாட்டுதான். அந்தக் காலத்து இசைப் படத் தொடக்கங்களில் முன்வரிசையில் வைக்க வேண்டியது இது.

அந்தப் பாட்டை லூயி செயின்ட் லூயியோடு சேர்ந்து எழுதியவர் ஹோவர்ட் கிரீன்ஃபீல்ட். நீல் செடாகாவோடு சேர்ந்து 1962 இல் ‘பிரேக்கிங் அப் இஸ் ஹார்ட் டு டூ’ எழுதியவர். அதாவது, கதை நடக்கிற காலத்தின் பாட்டுகளை அந்தக் காலத்திலேயே எழுதியவர்களில் ஒருவரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். ‘கூல் ரைடர்’ பாட்டை எழுதியவர் டென்னிஸ் லிண்ட். 1972 இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிப் பெரும் புகழ் பெற்ற ‘பர்னிங் லவ்’ அவருடையது. இவர்கள் கைத்தேர்ந்தவர்கள். ‘கூல் ரைடர்’ பாட்டில் ஃபைஃபர் ஏணியில் ஏறி நின்றுகொண்டு, தன் ஆசையை மைக்கேலுக்குச் சொல்லவா தனக்கே சொல்லிக்கொள்ளவா என்று தெரியாமல் கத்திப் பாடுகிறார். அவர் குரல் மெருகேறிய குரல் இல்லை, மேல் ஸ்தாயிக்குப் போனால் கொஞ்சம் கரகரக்கிறது. அந்தக் கரகரப்பில்தான் ஆசை தெரிகிறது. ஏழு ஆண்டு கழித்து, 1989 இல் ‘த ஃபேபுலஸ் பேக்கர் பாய்ஸ்’ படத்தில் பாடகியாக நடித்து அவர் ஆஸ்கர் பரிந்துரை வாங்கினார். அதில் எல்லாரும் வியந்த அந்தக் குரலின் இயல்பு இங்கேயே இருக்கிறது.

1961 கதையில் 1982 இன் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலி கேட்கிறதே என்பார்கள். உண்மைதான், கேட்கிறது. ஆனால் 1978 படத்தின் தலைப்புப் பாட்டு பீ ஜீஸ் குழுவின் பேரி கிப் எழுதிய பாட்டு, 1970களின் வாசனை அடிக்கும் பாட்டு. 1950களில் அப்படி ஒரு ஒலி எங்கே இருந்தது? அதைப் பெரும்பாலும் யாரும் குறையாகச் சொல்வதில்லை. நடிகர்களின் வயதைச் சொல்லும் குற்றச்சாட்டும் இப்படித்தான். பள்ளிப் பிள்ளைகளாக நடிப்பவர்கள் எல்லாம் பெரியவர்கள் என்று இரண்டாம் பாகத்தைக் கிண்டல் செய்கிறார்கள். முதல் படத்தில் ரிஸோவாக நடித்தபோது ஸ்டாக்கார்ட் சானிங்குக்கு 33 வயது. சாண்டியாக நடித்த நியூட்டன்-ஜானுக்கு 28. இரண்டாம் பாகத்தின் நாயகனும் நாயகியும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். பிங்க் லேடீ ஒருத்தியின் தங்கையாகக் கூடவே திரியும் டோலரஸாக வரும் பமேலா ஸீகலுக்கு நிஜமாகவே 15 வயதுதான். பின்னாளில் பமேலா ஆட்லன் என்ற பெயரில் பெரிய ஆளானவர் அவர். முதல் படத்துக்குக் கொடுத்த சலுகையை இரண்டாவதற்கு ஏன் மறுக்க வேண்டும்?

பௌலிங் பாட்டையும் சொல்லிவிட வேண்டும். பந்து உருட்டுவதையும், வரிசையாக உட்கார்ந்து காலை ஆட்டுவதையும், மாற்றுக் காலணி வாங்குவதையும் பிர்ச் நடனமாக மாற்றுகிறார். வரிகளில் இரட்டை அர்த்தம் வழிகிறது, அதைச் சிலர் மலிவு என்பார்கள். எனக்கு அதைவிட, ஊர் இளைஞர்கள் பொழுது போக்கும் ஒரு சாதாரண இடம் அப்படியே ஆட்டத்துக்குள் வருவது பெரிதாகத் தெரிகிறது. பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேள்வி கேட்காமலே படம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ரசனை எளிதாகவே வரும்.

இனி, கெட்ட பெயரில் நியாயமான பாதி.

மைக்கேல் பாத்திரம் எழுதப்படவே இல்லை. மேக்ஸ்வெல் கோல்ஃபீல்ட் பார்க்க அழகாக இருக்கிறார், பைக்கில் இன்னும் அழகாக இருக்கிறார். ஆனால் அவன் யார்? ஊரை விட்டு வந்த பையனுக்கு வீட்டு நினைப்பு உண்டா? பைக் ஓட்டப் பழகியபோது பயந்தானா, ரசித்தானா? முகமூடிக்குள் போனதும் அவன் மனதில் ஏதாவது மாறியதா? அவள் விரும்புவது இந்த வேஷத்தைத்தான், என்னை இல்லை என்ற வலியைச் சொல்ல ஒரே ஒரு பாட்டு இருக்கிறது, ‘ஷராட்ஸ்’. அந்த மூன்று நிமிடத்தில் நமக்கு ஒரு மனிதன் கிடைக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு திரைக்கதை போயிருந்தால் படத்தின் தலைவிதியே மாறியிருக்கும். ஆனால் பாட்டு முடிந்ததும் அந்த வலியைக் கைவிட்டுவிட்டு, அடுத்த பைக் சாகசத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

கண்ணாடி மாட்டினால் அடையாளம் தெரியாமல் போகுமா என்று கேட்பவர்களோடு நான் சேரமாட்டேன். அது நாடக வழக்கம், ஒப்புக்கொண்டுதான் பார்க்க வேண்டும். என் சிக்கல் வேறு. கதையின் முடிச்சு ஸ்டெஃபனியின் மனதில் இருந்திருக்க வேண்டும். படிப்பில் உதவி செய்து, எதிரே உட்கார்ந்து சிரிக்கப் பேசும் மைக்கேலையும் அவளுக்குப் பிடித்துப்போகிறது. முகம் தெரியாத வீரனையும் பிடிக்கிறது. இந்த இழுபறி அவளை வதைக்க வேண்டும், அவள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். படம் அந்த முடிவை எடுக்கும் வேலையை அவளிடமிருந்து பறித்துவிடுகிறது. கடைசியில் ஹவாய்ப் பாணி விருந்தில் எதிரிக் கூட்டம் பைக்கில் புகுந்து ரகளை செய்ய, வீரன் வந்து அவர்களை விரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றுகிறான். இரண்டு பேரும் ஒருவன்தான், இரண்டும் அவளுக்கே கிடைத்துவிட்டது. படம் முழுக்கத் தனக்கு என்ன வேண்டும் என்று தானே தீர்மானித்த பெண்ணுக்கு, மிக முக்கியமான இடத்தில் தீர்மானிக்க எதுவும் இல்லை. அதற்கும் மேலே, மைக்கேலுக்கு டி-பேர்ட்ஸ் ஜாக்கெட்டைக் கொடுத்துக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். டி-பேர்டோடுதான் சேர வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்தவள் ஸ்டெஃபனி. முடிவில் அந்தச் சட்டம் உடையவே இல்லை. காதலனைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். முடியாத திரைக்கதையோடு படப்பிடிப்புக்குப் போனால் இப்படித்தான் ஆகும். தொடக்கத்தில் போட்ட கேள்விக்கு முடிவில் பதில் எழுத ஆள் இல்லாமல் போய்விடும்.

டி-பேர்ட்ஸ் கூட்டமும் பலவீனம். முதல் படத்தில் அவர்களுக்குள் ஒரு சிநேகம் தெரியும். இங்கே ஏட்ரியன் ஸ்மெட் நடிக்கும் ஜானி, பொறாமையைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆள். கிறிஸ்டோஃபர் மெக்டானல்ட் போன்ற நல்ல நடிகர் கூட்டத்தில் இருந்தும் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. பழைய படத்திலிருந்து வந்தவர்களில் டீடீ கானின் நிலைதான் பரிதாபம். ஃப்ரெஞ்சி என்ற அந்த அன்பான பெண், பள்ளிப் படிப்பை முடிக்கத் திரும்பி வருகிறாள், மைக்கேலுக்கு ஊரைக் காட்டுகிறாள், பிறகு பாதியிலேயே காணாமல் போய்விடுகிறாள். எங்கே போனாள் என்று யாரும் கேட்பதுகூட இல்லை. தலைமையாசிரியை ஈவ் ஆர்டனும் பயிற்சியாளர் சிட் சீசரும் வந்த காட்சிகளைச் சமாளித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். உயிரியல் வகுப்பில் டாப் ஹண்டர் இனப்பெருக்கம் பற்றிப் பாடம் எடுக்கும் பாட்டு முதல் ஒரு நிமிடம் சிரிப்பு, அதற்கப்புறம் இழுவை.

நான் எந்தச் சாக்கும் சொல்லாத இடம் ஒன்று இருக்கிறது: பதுங்கு அறைக் காட்சி. அணுகுண்டுப் போர் வந்துவிட்டது என்று பொய் சொல்லி, நாட்டுக்காகவாவது இணங்கு என்று டி-பேர்ட்ஸ் பையன் லூயி, பிங்க் லேடீ ஷரோனை நெருங்குகிறான். இதன் பின்னணி நிஜமானது. 1961 ஜூலையில் பெர்லின் நெருக்கடியைப் பற்றி அமெரிக்க மக்களிடம் பேசிய அதிபர் கென்னடி, கதிர்வீச்சுப் பதுங்கு இடங்களுக்குப் பணம் ஒதுக்கக் கேட்டார். அதன்பிறகு வீட்டுத் தோட்டத்தில் பதுங்கு அறை கட்டலாமா என்பது குடும்பங்களில் சாதாரணப் பேச்சானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூப ஏவுகணை நெருக்கடி. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் மேசைக்கடியில் ஒளிந்து பயிற்சி எடுத்து வளர்ந்தவர்கள். அந்தப் பயத்தை ஒரு காமெடி தொட்டது துணிச்சல்தான். ஆனால் பயத்தைக் காட்டி ஒரு பெண்ணை ஏமாற்றிப் படுக்கைக்கு அழைப்பதைக் குறும்பு என்று காட்டுவது, ஸ்டெஃபனியைப் பற்றி இதே படம் சொல்லும் எல்லாவற்றுக்கும் எதிரானது. ஷரோன் தப்பித்துவிடுகிறாள் என்பது சமாதானம் ஆகாது.

படத்தின் தோல்வி சிலருடைய வாழ்க்கையில் விழுந்த விதம்தான் எனக்கு அநியாயமாகப் படுகிறது. கோல்ஃபீல்டை அடுத்த பெரிய நட்சத்திரம் என்று தூக்கி வைத்தவர்கள், படம் விழுந்ததும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அடியிலிருந்து மீளப் பத்தாண்டு ஆனது என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். எழுத்தில் இல்லாத பாத்திரத்துக்கு நடிகர் பழி சுமந்தார். ஃபைஃபர் இந்தப் படத்தைப் பற்றிக் கசப்பாகவே பேசிவந்திருக்கிறார். ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்துக்கு ஆள் தேடியபோது, ‘கிரீஸ் 2’ நாயகியா என்று இயக்குநர் பிரையன் டி பால்மா முதலில் தயங்கினார். தயாரிப்பாளர் மார்ட்டின் பிரெக்மன் வற்புறுத்தியதால்தான் வாய்ப்பு வந்தது. 1983 இல் அந்தப் படம் வந்தபிறகு அவரை யாரும் தடுக்க முடியவில்லை. பிர்ச்சுக்கு அப்படி யாரும் வற்புறுத்தவில்லை. நடனத்திலும் மேடையிலும் தொலைக்காட்சியிலும் தொடர்ந்து நல்ல வேலைகள் செய்தார். பெரிய திரைக்கு இன்னொரு கதைப்படம் இயக்கவில்லை. அந்தத் தொடக்கப் பாட்டை எடுத்த கைக்கு, முழுசாக எழுதி முடித்த ஒரு திரைக்கதையைக் கொடுத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஆதங்கம் வருகிறது.

தியேட்டரில் போகாத படத்தை வீடியோ கேசட்டும் கேபிள் டிவியும் காப்பாற்றின. 1980களில் வளர்ந்த பெண்கள் பலர் முதல் பாகத்தைவிட இதையே அதிகம் பார்த்தார்கள், காரணம் ஸ்டெஃபனி. 2014 இல் லண்டனில் இந்தப் பாட்டுகளை வைத்து ‘கூல் ரைடர்’ என்ற பெயரிலேயே மேடை நிகழ்ச்சி நடத்தினார்கள். 2023 இல் பிங்க் லேடீஸின் தொடக்கக் கதை என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அது முதல் சீசனோடு நின்றுவிட்டது.

பார்க்கலாமா என்று கேட்டால், கண்டிப்பாகப் பாருங்கள் என்பேன். முதல் பாகத்தைப் பார்த்த கையோடு வேண்டாம், சில மாதம் இடைவெளி விட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் டேனியையும் சாண்டியையும் தேடிக்கொண்டே இருப்பீர்கள். பள்ளி திறக்கும் பாட்டு, பௌலிங், ‘கூல் ரைடர்’, ‘ஷராட்ஸ்’ இந்த நான்கையும் நல்ல ஒலியோடு பாருங்கள். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால், பதுங்கு அறைக் காட்சி வரும்போது ஓட்டிவிட வேண்டாம். நிறுத்தி, இதில் என்ன தப்பு என்று அவர்களிடம் பேசிவிட்டு மேலே போங்கள்.